சுவரிலிருந்த ஈரம்

கொடைக்கானலில் கார்த்திகை மழைக்கு வேர்க்காத சுவர் கிடையாது என்பார் என் மாமா. நாயுடுபுரத்தில் வீட்டுத் தரகு அவர் தொழில். கல்லூரி விடுமுறைகளில் நான் அவருக்கு எடுபிடி. விலைக்கு வரும் வீடுகளைக் கைபேசியில் படம்பிடித்து விளம்பரத்தில் ஏற்றுவது என் பொறுப்பு.

சென்ற கார்த்திகையில் செண்பகனூர் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு வந்தது. உள்ளே வெற்றறைகள். இப்போது செயலியில் படத்தைக் கொடுத்தால் நொடியில் சோபாவும் கம்பளமும் வந்து அமர்ந்துவிடுகின்றன. ஒரு குச்சி விறகு இல்லாமல் கணப்பில் நெருப்பு மூட்டினேன். அதோடு விட்டிருந்தால் பாதகமில்லை. வடக்குச் சுவரில் ஓட்டோரமாக வழிந்திருந்த ஈரக்கறை கண்ணை உறுத்தியது. விரலால் தேய்த்தேன், போய்விட்டது. ஜன்னலை மறைத்த பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை அழித்துவிட்டு அங்கே ஒரு மலையை வைத்தேன். “பலே!” என்றார் மாமா. எனக்கும் பெருமைதான்.

படங்களை நம்பி, மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் முன்பணம் அனுப்பிவிட்டு மனைவியோடு வந்தார். அந்த அம்மாளுக்கு இளைப்பு நோய். மலைக்காற்று மூச்சுக்கு நல்லது என்றுதான் வீடு தேடினார்களாம். கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை. அவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பையிலிருந்த மருந்தை எடுத்து உறிஞ்சினார். மூச்சு நிதானப்பட்டதும் என்னிடம், “தம்பி, படத்துல இந்தச் சுவரு நல்லா இருந்துச்சே?” என்றார். கோபமில்லை, நிஜமாகவே கேட்டார். நான் கணப்பைப் பார்த்தேன். அதில் எலிப்புழுக்கை கிடந்தது.

முன்பணம் திரும்பிப் போயிற்று, மாமாவின் முணுமுணுப்போடு.

அன்றிரவு சட்டத்தைப் புரட்டினேன். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55ஆம் பிரிவு: வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டறிய முடியாத முக்கியக் குறை தமக்குத் தெரிந்திருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். “ஈரம் நேரில் பார்த்தால் தெரிகிறதுதானே” என்று வாதாடினார் மாமா. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவருக்கு ஈடு பெற்றுத் தருகிறது; ஆனால் அது மனை பிரித்தும் அடுக்குமாடி கட்டியும் விற்பவர்களுக்கானது. எங்கள் ஓட்டு வீட்டை எட்டிப் பார்க்காது. கலிபோர்னியாவிலோ 2026 ஜனவரி முதல், திருத்திய படம் போடும் தரகர் அதைச் சொல்லி, மூலப்படத்தையும் காட்ட வேண்டும். அதைக் கேட்பாரின்றி எங்கள் ஊருக்கு இறக்குமதி செய்துவிட்டேன்.

அந்தக்கால ஸ்டூடியோவில் தாஜ்மகால் திரைக்கு முன் நின்றவர்கள் ஆக்ரா போய்வந்ததாக யாரும் நம்பவில்லை. வீட்டுப் படத்தை நம்பித்தானே பஸ் ஏறுகிறார்கள்! இப்போதும் சோபா போடுகிறேன். கீழே “இருக்கைகள் கற்பனை, வீடு காலி” என்று எழுதி, பக்கத்தில் வெற்றறையின் படத்தையும் வைக்கிறேன். சுவர், கூரை, ஜன்னலுக்கு வெளியே இருப்பது, இவற்றில் கைவைப்பதில்லை.

மாசி வெயிலில் அதே சுவரை மறுபடி படமெடுக்கச் சொன்னார் மாமா. எடுத்தேன். கறை மங்கி, ஏறக்குறைய தெரியவேயில்லை. திருத்தாத, உண்மையான படம்தான். ஆனாலும் விளம்பரத்தில் கார்த்திகைப் படத்தையே போட்டேன். மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீடு இன்னும் விலைபோகவில்லை.