வீதியோரமும் எமது உரிமையே

பதுளை–பசறை வீதியில், கொழுந்துச் சாக்கைச் சுமந்த தோட்டப் பெண்கள் பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடப்பதைக் கண்டேன். இந்த ஏற்றங்களில் சைக்கிள் மிதிக்கும் பெண்கள் அரிது. ஆனால் 1977, 1983 வன்செயல்களால் வவுனியா, கிளிநொச்சிக்கு இடம்பெயர்ந்த மலையகக் குடும்பங்களின் பெண்பிள்ளைகளுக்கு அங்கே சைக்கிளே காலானது. வாசக சகோதரிகளே, போர்க்காலத்தில் உங்களில் பலருக்கும் அதுதானே துணை?

அதே சைக்கிளுக்காக, எம் உறவுகள் பலர் வாழும் கனடாவின் ரொறன்ரோ நகரில் ஒரு போராட்டம் நடந்தது. மூன்று பெரிய வீதிகளிலிருந்த சைக்கிள் பாதைகளை அகற்ற 2024இல் ஒன்ராறியோ மாகாண அரசு சட்டம் இயற்றியது. மக்கள் சைக்கிளிலேயே திரண்டு எதிர்த்தனர், வழக்கும் தொடுத்தனர். அகற்றுவது உயிருக்கும் பாதுகாப்புக்குமான உரிமையை மீறும் என 2025 ஜூலையில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நடப்பவருக்கும் மிதிப்பவருக்கும் வீதியோரம் சலுகையல்ல. மாதர் சங்கத்தில் பேசுவோம்; பிரதேச சபையிடம் எழுதிக் கேட்போம்.