நூற்செல்வம்

சேர்வராயன் மலைத்தொடருக்கு வடக்கே, தருமபுரி மாவட்டத்தில், பொம்மிடி என்னும் ஊர் அமைந்துள்ளது. சேலத்தையும் சோலையார்பேட்டையையும் இணைக்கும் இருப்புப்பாதை அவ்வூரின் வழியே செல்கின்றது. அங்குள்ள புகைவண்டி நிலையத்தில் ஒரு மூட்டை வந்து இறங்குவதாகக் கொள்வோம். பெறுவோர் பெயரும் ஊரும் அதன்மேல் தெளிவாக எழுதப்பட்டிருப்பின், அஃது உரியவர் கையை எளிதிற் சென்று சேரும். மழையில் நனைந்து அவ்வெழுத்து அழிந்துவிட்டால் யாது நேரும்? உள்ளிருப்பது விதைநெல்லாயினும், நோய் தீர்க்கும் மருந்தாயினும், அம்மூட்டை கிடங்கின் ஒரு மூலையிலேயே கிடக்கும். விதைக்கும் பருவம் கடந்துபோகும். பொருள் கெடவில்லை, களவு போகவுமில்லை, எனினும் எவருக்கும் பயன்படாது ஒழிந்தது.

நூலின் நிலையும் அத்தகையதே. பல்கலைக்கழகங்களைச் சார்ந்த ஆய்வு நூலகங்களில் நூல்கள் இலக்கக் கணக்கில் நிறைந்துள்ளன. அவற்றுள் ஒன்று தனக்குரிய இடத்தினின்று விலகி வேறொரு தட்டில் வைக்கப்படுமாயின், அதனை நாடி வந்தவர் வெறுங்கையராய்த் திரும்புவர். நூலகத்தில் அந்நூல் உண்டு. அவரைப் பொறுத்தவரையில் இல்லை. இந்த ‘உண்டு’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்கும் இடையே நின்று உழைப்பவரே, நூல்தொகுதியைப் பேணும் பொறுப்பேற்ற நூலகத் தலைவர். அவர் பெயர் எந்நூலின் அட்டையிலும் இடம்பெறுவதில்லை. எனினும், அறிஞர் எழுதும் ஆய்வுரைகளுக்கெல்லாம் அவருடைய உழைப்பு அடித்தளமாய் அமைகின்றது.

அரசின் திறம் இன்னது எனக் கூறப் புகுந்த வள்ளுவர், பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல், காத்ததைப் பங்கிடுதல் என நான்கு செயல்களை நிரல்பட வைத்தார். பொருட்செல்வத்திற்குக் கூறிய இம்முறை நூற்செல்வத்திற்கும் பொருந்தும். முதல் மூன்று செயல்களும் நான்காவதன் பொருட்டே நிகழ்கின்றன. பங்கிடுதலை ‘வகுத்தல்’ என்னும் சொல்லால் வள்ளுவர் குறித்தார். கணக்கில் ஓர் எண்ணைப் பிரிப்பதும் வகுத்தலே. பொருள்களை இனம் பிரித்து முறைப்படுத்துவதும் வகுத்தலே. இம்மூவகை வகுத்தலும் ஒருவருடைய வாழ்க்கையில் ஒன்றுகூடின. அவரே சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்த சீ. இரா. அரங்கநாதன்.

அரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு ஆசிரியராக விளங்கினார். வகுப்பில் மாணவருடன் அளவளாவிப் பாடம் நடத்துவதிலே அவருக்குப் பேரின்பம். 1924-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் நூலகராக அமர்த்தியது. புதிய பணி அவருக்குச் சிறிதும் உவப்பளிக்கவில்லை. மாணவர் சூழ்ந்திருந்த இடத்தை விட்டு வந்தவருக்கு, ஆளரவமற்ற அறையும் அசைவற்ற அலமாரிகளும் சிறைபோலத் தோன்றின. சில நாள்களிலேயே பல்கலைக்கழகத்தாரை அணுகி, தம்மைப் பழைய பணிக்கே அனுப்பிவிடுமாறு வேண்டினார். “இங்கிலாந்துக்குச் சென்று நூலகப் பயிற்சி பெற்று வருக, அதன் பின்னும் மனம் பொருந்தாவிடில் கல்லூரிக்கே மீளலாம்” என்னும் கருத்துப்பட அவர்கள் விடையளித்தனர்.

கடல் கடந்து சென்றவர் இலண்டன் மாநகரில் பயிற்சி பெற்றார். நூறு நூலகங்களுக்கு மேல் நேரிற் கண்டார். சிறுவரும் முதியோரும் தொழிலாளரும் நூலகத்தை நாடி வருவதையும், அவரவர்க்கு வேண்டிய நூல் அவரவர் கைக்குச் சென்று சேர்வதையும் கண்டு வியந்தார். அலமாரிகள் உயிரற்றவை அல்ல, அவற்றிற்கு உயிர் கொடுப்பார் இல்லாமையே குறை என்னும் உண்மை அவருக்குப் புலனாயிற்று. 1925-இல் தாயகம் திரும்பியவர் கல்லூரிக்கு மீள விரும்பவில்லை. விருப்பின்றி ஏற்ற தொழிலே அவருடைய வாழ்நாள் தவமாயிற்று.

இலண்டனில் அவர் கண்ட ஒரு காட்சி இங்குக் குறிப்பிடத்தக்கது. ஒரு கடையில், சில தகடுகளையும் கோல்களையும் திருகாணிகளையும் கொண்டு பற்பல விளையாட்டுப் பொருள்களைப் பொருத்திக் காட்டினர். உறுப்புகள் சிலவே, அவற்றின் சேர்க்கையால் ஆகும் உருவங்களோ பல. நூல்களுக்கும் இம்முறையில் இடம் வகுத்தல் கூடுமன்றோ என்று கணக்காசிரியரின் உள்ளம் எண்ணியது. தருமபுரி மாவட்டத்து மாமரங்களைத் தாக்கும் நோயையும், அதனைத் தடுக்கும் முறையையும் பற்றி ஒரு நூல் வந்துள்ளது என்க. அதனை மரங்களின் வரிசையில் வைப்பதா, நோய்களின் வரிசையில் வைப்பதா, மாவட்ட வரலாற்றுடன் வைப்பதா? மா என்பதற்கு ஒரு குறி, நோய்க்கு ஒரு குறி, தடுப்புக்கு ஒரு குறி, இடத்திற்கு ஒரு குறி, காலத்திற்கு ஒரு குறி என அமைத்து, அவற்றை நிறுத்தக்குறிகளால் இணைத்தால், அந்நூலுக்கென்றே உரிய ஒரு முகவரி கிடைத்துவிடும். இவ்வாறு எழுந்ததே, முக்காற்புள்ளியின் பெயரால் ‘கோலன்’ பகுப்புமுறை என வழங்கும் நூற்பகுப்பு. அது 1933-ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது.

அதற்கு முன்னரே, 1931-இல், நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்தார். நூல் பூட்டி வைப்பதற்கு அன்று, பயன் கொள்வதற்கே உரியது என்பது அவற்றுள் முதல் விதியின் கருத்தாகும். படிப்போர் ஒவ்வொருவருக்கும் ஏற்ற நூலைக் கொடுத்தல் வேண்டும். நூல் ஒவ்வொன்றுக்கும் ஏற்ற படிப்பாளரைக் கண்டறிதல் வேண்டும். வருவோரின் காலம் வீணாகலாகாது. நூலகமோ உயிர்ப்பொருள்போல் ஓயாது வளர்வது. ஏனைய நான்கின் கருத்தும் இவையே. இவ்விதிகளை அவர் ஏட்டளவில் நிறுத்தவில்லை. படிப்போர் தாமே அலமாரிகளின் இடையே சென்று நூல்களை எடுத்துப் பார்க்க இடமளித்தார்; ஐயம் கேட்பார்க்கு வழிகாட்ட அலுவலரை அமர்த்தினார். 1936-இல் பல்கலைக்கழக நூலகம் கடற்கரையை நோக்கிய புதிய கட்டடத்திற்குக் குடிபெயர்ந்தது. இருபது ஆண்டுகள் அங்குத் தொண்டாற்றிய பின்னர்க் காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்று, 1945 முதல் 1947 வரை ஏறத்தாழ 1,00,000 நூல்களைத் தாமே பகுத்து முறைப்படுத்தினார்.

பகுத்தலைப்போன்றே ஈட்டலும் காத்தலும் அருமையுடையன. நூல் வாங்க ஆண்டுதோறும் கிடைக்கும் தொகை அளவுடையது. வெளிவரும் நூல்களும் ஆய்விதழ்களுமோ அளவற்றன. எதனைக் கொள்வது, எதனை விடுவது என்று நூலகத் தலைவர் துணிதல் வேண்டும். இன்று ஒருவரும் கேளாத நூலை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் கேட்கக்கூடும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா என்பார், நூல்களோடு நாடக விளம்பரங்களையும் அழைப்பிதழ்களையுங்கூடத் திரட்டி வைத்தார். அவர் 1992-இல் மறைந்த பின்னர், ஏறத்தாழ 1,00,000 எண்ணிக்கை கொண்ட அத்தொகுதியைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. ஆயினும் அது கடல் கடந்து செல்லவில்லை. சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றது. பிறர் குப்பையென ஒதுக்கிய தாள்கள் இன்று வரலாற்றுச் சான்றுகளாய்த் திகழ்கின்றன.

கரையானும் இராமபாணப் பூச்சியும் ஈரமும் நூலுக்குப் பகைகள். தாளில் உள்ள புளிப்புத்தன்மையே நாளடைவில் அத்தாளைப் பழுப்பாக்கிப் பொடியாக்கிவிடும். ஆதலின், கட்டுக் குலைந்தவற்றைச் செப்பனிடுதலும், நுண்படச்சுருளிலும் கணிப்பொறியிலும் படியெடுத்து வைத்தலும் நூலகத்தாரின் கடமைகளாயின. மனிதனின் சினமோ இப்பகைகள் அனைத்தினும் கொடியது. 1981-ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. கட்டடத்தை மீண்டும் எழுப்பினர். வேறு படி இல்லாத சுவடியை எங்ஙனம் எழுப்புவது?

அரங்கநாதனின் தொண்டு பல்கலைக்கழக மதில்களுக்குள் அடங்கவில்லை. அவருடைய முயற்சியின் பயனாய், 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் எழுந்த முதல் நூலகச் சட்டம் அதுவே. வீட்டுவரியுடன் நூலக வரியும் சேர்த்துப் பெறப்படுவது அச்சட்டத்தின் வழி வந்ததாகும். நூல்களின் பொருட்டு வாழ்ந்த அப்பெரியார், தம் வாழ்நாட் சேமிப்பான ஒரு நூறாயிரம் ரூபாயையும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் பேராசிரியர் பதவி ஏற்படுவதற்கென்று வழங்கினார், 1972-இல் மறைந்தார்.

மாணவர்களே! பொம்மிடியைப் போன்ற ஊர்களிலே, எழுத்தறியாத உழவர் ஒருவரும் தம் வீட்டுக்கு வரி செலுத்துகின்றார். அதிற் சேர்ந்த சில காசுகள் நூலாக மாறுகின்றன. தாம் படிக்க இயலாத நூலுக்கு அவர் விலை கொடுக்கின்றார். யாருக்காக? முகமறியாத ஒரு மாணவனுக்காகவும், இனிப் பிறக்கவிருக்கும் ஒரு மாணவிக்காகவும் அன்றோ! ஆதலின், எடுத்த நூலில் கோடிடாமலும், தாளைக் கிழிக்காமலும், குறித்த நாளில் திருப்பிக் கொடுத்தல் உங்கள் கடன். படித்த நூலை மனம்போன போக்கில் எங்கேனும் செருகாது, நூலகர் கையிலோ அதற்கென அமைந்த மேசையிலோ வைத்தல் வேண்டும். நூலின் முதுகில் ஒட்டிய சிறு சீட்டில் உள்ள எண்ணை அப்போது ஒருமுறை உற்று நோக்குங்கள். அவ்வெண் அழியாதிருக்கும்வரை, அந்நூல் தன்னை நாடி வருவோரைத் தவறாது சென்றடையும்.