மாடி ரூம் யாருக்கு பாஸ்?

உங்க வீட்டு மாடியில ஒரு ரூம் சும்மா கிடக்குதுனு வெச்சுக்குங்க. மாச வாடகைக்கு விடுவீங்களா, இல்லை... சீஸன்ல வர்ற டூரிஸ்ட்டுக்கு நாள் வாடகைக்கு விடுவீங்களா? யோசிக்காதீங்க, எங்க வீட்டுல நிஜமாவே அப்படி ஒரு ரூம் இருக்கு. ஊர், கொடைக்கானல். ஏப்ரல், மே வந்துட்டா அப்பாவைக் கையில பிடிக்க முடியாது. என் இன்ஜினீயரிங் ஃபீஸ்ல பாதியை அந்த ரூம்தான் கட்டுது. அதனால, ‘ரூம் விடறவங்ககிட்ட கவர்ன்மென்ட் ஃபீஸ் கேக்குது’னு உலகத்துல எந்த மூலையில நியூஸ் வந்தாலும் நான் ஓனர் கட்சிதான். எங்க பெரியம்மா பொண்ணு ஸ்காட்லாந்து போற வரைக்கும்!

2023 செப்டம்பர்ல எம்.எஸ்ஸி. படிக்க எடின்பரோ போய் இறங்கினா அக்கா. ரெண்டு பெட்டி இருந்துச்சு, புளிக்காய்ச்சல் பாட்டில் இருந்துச்சு, தங்க ரூம் மட்டும் இல்லை. பன்னிரண்டு கட்டில் போட்ட ஒரு லாட்ஜ் ரூம்ல மூணு வாரம் ஓட்டினா. பார்க்கப் போன வீட்டு வாசல்ல எல்லாம் ரேஷன் கடை மாதிரி க்யூவாம்!

நமக்கு மே மாசம் எப்படியோ, அந்த ஊருக்கு ஆகஸ்ட் அப்படி. 1947-ல இருந்து நடக்குற ‘ஃப்ரிஞ்ச்’ கலைவிழாவுக்கு உலகமே வந்து குவியும். ஒரு ரூம் வெச்சிருக்கவங்க ரூமை விடுவாங்க. சிலர் இதுக்குன்னே ஃப்ளாட் வாங்கிப் போட்டிருக்காங்க. பழைய கல் கட்டடம், எல்லா வீட்டுக்கும் ஒரே மாடிப்படி. நடுராத்திரியில டூரிஸ்ட் பெட்டிச் சக்கரம் தடதடனு ஏறினா பக்கத்து வீட்டுக்காரர் தூங்கின மாதிரிதான்!

அங்கே 2022-ல லைசென்ஸ் சட்டம் வந்துச்சு. ஏற்கெனவே ரூம் விடறவங்க 2023 அக்டோபர் 1-க்குள்ள விண்ணப்பிக்கணும். ஃபீஸ் எவ்வளவுனு அந்தந்த உள்ளாட்சி முடிவு பண்ணும். அதோட போச்சா? கேஸ் சர்ட்டிஃபிகேட், கரன்ட் வயரிங் ரிப்போர்ட், புகை அலாரம், தண்ணிக் குழாய்ல கிருமி வர வாய்ப்பு இருக்கானு ஒரு செக்கிங் வேற. லைசென்ஸ் இல்லாம விட்டா 2,500 பவுண்ட் வரைக்கும் அபராதம். ஓனர்கள் கொதிச்சுப் போனாங்க. அடுக்குமாடியில முழு ஃப்ளாட்டை டூரிஸ்ட்டுக்கு விட பொதுவா லைசென்ஸ் கிடையாதுனு எடின்பரோ மாநகராட்சி சொன்னதை எதிர்த்து, காசு வசூல் பண்ணி கோர்ட்டுக்கே போயிட்டாங்க. 2023 ஜூன்ல அந்த விதி செல்லாதுனு தீர்ப்பும் வாங்கினாங்க. ஆனா லைசென்ஸும் ஃபீஸும் அப்படியேதான் இருக்கு.

அக்காவுக்கு ரூம் கொடுத்த பாட்டி ரிட்டயர்டு டீச்சர். தனியா இருக்காங்க. கோடைக்குக் கோடை ஒரே ஒரு ரூமை டூரிஸ்ட்டுக்கு விட்டுட்டு இருந்தவங்க. ‘ஒரு கட்டிலுக்கு இத்தனை பேப்பரா?’னு செப்டம்பர் கடைசி வாரத்துல வெறுத்துப்போய், ரூமை ஸ்டூடன்ட்டுக்கே விட்டுட்டாங்க. அதையே வீடா வெச்சுத் தங்குறவங்களுக்கு விட இந்த லைசென்ஸ் வேண்டாம். அக்கா குடிபோன அன்னிக்கு டீ கொடுத்து, “எனக்குப் போன காசுல உனக்கு ரூம் கிடைச்சிருக்கு”னு சொன்னாங்களாம். சிரிச்சுக்கிட்டே சொன்னாங்களா, கோபமாவானு அக்காவுக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலை.

எனக்கும் குழப்பம்தான். அஞ்சு ஃப்ளாட் வெச்சிருக்கவர் ஆள் போட்டு பேப்பர் ரெடி பண்ணி, ஃபீஸை வாடகையில ஏத்திட்டுப் போயிடுவார். அடி வாங்கினது ஒத்தை ரூம் பாட்டி. அநியாயம்னுதான் தோணுது. ஆனா பாட்டி அந்த அடியை வாங்கலைன்னா எங்க அக்கா இன்னும் எத்தனை வாரம் அந்தப் பன்னிரண்டு கட்டிலுக்கு நடுவுல படுத்திருப்பா?

இந்தக் கேள்வி எங்க வீட்டு வாசலுக்கே வரும்னு நான் எதிர்பார்க்கலை. போன பொங்கல் லீவுல ஊருக்குப் போயிருந்தேன். புதுசா வேலைக்கு வந்த ஒரு ஸ்கூல் டீச்சர் மாடி ரூமை மாச வாடகைக்குக் கேட்டு வந்தாங்க. தினமும் வத்தலக்குண்டுல இருந்து மலைப்பாதை பஸ்ல வந்துட்டுப் போறாங்களாம். அப்பா மனசுக்குள்ளயே கணக்குப் போட்டார். அவங்க தர்ற ஒரு மாச வாடகை, மே மாசத்துல மூணு நாள். “சீஸனுக்கு வேணும்மா, தப்பா நினைக்காதீங்க”னு அனுப்பிட்டார். பக்கத்துலயேதான் நின்னேன், டீ கிளாஸோட. வாயைத் திறக்கலை. என் ஃபீஸ் பாஸ் அது!

அவங்க விட்டுட்டுப் போன போன் நம்பரை அம்மா காலண்டர் ஓரத்துல எழுதி வெச்சிருந்தாங்க. காலேஜுக்குக் கிளம்புற அன்னிக்கு தைரியத்தை வரவெச்சு அப்பாகிட்ட கேட்டேவிட்டேன்.

“மே முடியட்டும்டா, பார்க்கலாம்”னார்.

“அதுவரைக்கும் பஸ்லயாப்பா?”

பதில் சொல்லாம, என் பையைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்க ஆரம்பிச்சுட்டார்.