பரிசலா, பைபர் படகா?

போன வாரம் சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருத்தர், எங்க குட்டைக் கரையில் கவிழ்த்து வச்சிருந்த பரிசலைப் பார்த்துட்டு, "நல்லதா ஒரு படகு வாங்கக் கூடாதாங்க?"ன்னு கேட்டார். படகு வாங்கத்தான் கிளம்பினேன். அந்தக் கதையைச் சொல்லிடறேன்.

எங்க தோட்டம் காவிரியை ஒட்டி இருக்கு. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டைன்னு கதவணை கட்டி மின்சாரம் எடுக்கறாங்க. அதனால எங்க பக்கம் ஆறு ஓடற மாதிரியே தெரியாது, ஏரி மாதிரி நிக்கும். தோட்டத்துக்குள்ள கட்லா, ரோகு விட்ட பண்ணைக்குட்டை ஒண்ணு இருக்கு. ரெண்டுக்கும் ஆகற மாதிரி ஒண்ணு வேணும்.

அதுவரைக்கும் நம்ம வாகனம் லாரி டியூப்தான். காத்தடிச்சு, நடுவுல சாக்கைக் கட்டி உக்காந்துட்டா கையாலேயே தள்ளிட்டுப் போயிடலாம். செலவே இல்லை. ஆனா கால் எப்பவும் தண்ணிக்குள்ள தொங்கும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு விடியக்காலையில வலை எடுக்கறப்ப, அது கால்ல சுத்திக்கிச்சு. வலையோட அடிப்பக்கம் தண்ணிக்குள்ள ஏதோ கட்டையில மாட்டியிருக்கு. இழுக்க இழுக்க டியூப் சாயுது. நீச்சல் தெரியாதான்னு கேப்பீங்க. காலைக் கட்டின பிறகு நீச்சல் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? நான் கத்தினது கேட்டுப் பரிசல்ல வந்த பெரியவர் ஒருத்தர் வலையை அறுத்துவிட்டார். "வலை போனாப் போகுது கண்ணு, டியூபை மொதல்ல லாரிக்கே திருப்பிக் குடுத்துரு"ன்னார். வீட்டுல ரெண்டு நாள் எங்கூடப் பேச்சே இல்லை.

அப்புறம்தான் படகு தேட ஆரம்பிச்சேன். 12 அடி பைபர் படகு ஒண்ணு பார்த்தேன், அழகா இருந்துச்சு. ஆனா அதை ஆத்துல இருந்து குட்டைக்குத் தூக்க ஆள் கூப்பிடணும். குட்டையில விரிச்சிருக்கற பிளாஸ்டிக் ஷீட்டை அதோட அடிப்பாகம் உரசிக் கிழிச்சா, மீனை விட ஷீட்டுக்குத்தான் அதிகம் அழணும். மோட்டார் வைக்கலாம்னா, ஆகாயத்தாமரை விசிறியில சுத்திக்கும். பையன் போன்ல காத்தடிக்கற ரப்பர் படகைக் காட்டினான். கரை முழுக்கச் சீமைக்கருவேல முள் கிடக்கற ஊருக்கு அது எத்தனை நாள் வரும்?

கடைசியில அந்தப் பெரியவர்கிட்டயே போனேன். மூங்கில் பிளாச்சைக் கூடை மாதிரிப் பின்னி, வெளியில சாக்குப் பைகளை ஒட்டித் தார் பூசறாங்க. அவங்க தாத்தா காலத்துல மாட்டுத்தோல் போர்த்துவாங்களாம். அடி தட்டையா இருக்கறதால முழங்கால் ஆழத் தண்ணியிலயும் தரை தட்டாம மிதக்கும். ஒத்தை ஆளாத் தலையில கவுத்துத் தூக்கிட்டு வந்துடலாம். எனக்கு அதுதான் பிடிச்சுது. ஓட்டை விழுந்தாக் கொஞ்சம் தார் போதும்.

குறை இல்லாம இல்லை. முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, பழகாதவன் துடுப்புப் போட்டா நின்ன இடத்துலயே சுத்துவான். நான் ஒரு வாரம் சுத்தினேன். பக்கவாட்டுல தள்ளாம, முன்னாடி துடுப்பை விட்டுத் தண்ணியை நம்ம பக்கம் இழுக்கணும். பலமாக் காத்தடிச்சா அது இழுத்த பக்கம்தான் போகும். வீச்சு வலையை நின்னுட்டு வீசறதெல்லாம் நம்மால ஆகாது, ஓரத்துல பாரம் விழுந்தாச் சாஞ்சிரும். கதவணை திறக்கப் போறாங்கன்னா அன்னைக்கு ஆத்துப் பக்கமே போறதில்லை.

வீட்டுல ஒரே ஒரு நிபந்தனை, லைஃப் ஜாக்கெட் போடணும். ஆரஞ்சுக் கலர்ல அதை மாட்டிட்டுப் பரிசல்ல உக்காந்தா ஊர்ப் பசங்களுக்கு ஒரே சிரிப்பு. பெரியவர் மட்டும் சிரிக்கலை, தொட்டுப் பார்த்தார். அவருக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். நேத்து பார்த்தா, பரிசல்ல அதை மடிச்சுப் போட்டு மேல உக்காந்திருக்கார். மெத்துன்னு இருக்காம்.