மண்ணா, நெருப்பா?

நாய் ஒன்றுக்கும் காட்டுப்பன்றி ஒன்றுக்கும் நடந்த சண்டையைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று பெங்களூரில் இருக்கிறது. கஸ்தூர்பா சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது அது. மண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து கொண்டுவரப்பட்ட கல். காலம், சக ஆண்டு 872, அதாவது கி.பி. 949-50.

கதையின் முன்பாதி தமிழர்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்ததுதான். அரக்கோணத்துக்கு அருகே தக்கோலத்தில் நடந்த போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். அவனை வீழ்த்தியவன், ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் பக்கம் நின்று போரிட்ட கங்க அரசன் பூதுகன். பூதுகனின் வீரர்களில் ஒருவன் மணலேரன். அவன் வீரத்தை மெச்சி, வேண்டியதைக் கேள் என்றார்கள். மணலேரன் பொன்னும் பொருளும் கேட்கவில்லை. காளி என்ற வேட்டைநாயைக் கேட்டான்.

பின்னொரு நாள், பெரிய பன்றி ஒன்றின்மீது காளியை ஏவினான். இரண்டுமே செத்தன. ஆதகூரில் சல்லேஸ்வரர் கோயிலுக்கு முன்னால் காளிக்குக் கல் நாட்டி, நிலமும் விட்டான். கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிடும் பூசாரிக்கு அந்த நாயின் பாவம் வந்து சேரும் என்ற எச்சரிக்கையும் கல்லிலேயே இருக்கிறது.

நம் பக்கமும் இது புதிதல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. கள்வர்களைக் கடித்து எஜமானனைக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன். பெயரோடு பொறித்திருக்கிறார்கள்.

மணலேரனுக்கு விடுவதற்கு நிலம் இருந்தது. இன்றைய பெங்களூர்வாசிக்கு இருப்பது மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை, பால்கனியில் நாலு தொட்டி. 2021 ஜூலையில் எங்கள் வீட்டு மணி பதின்மூன்று வயதில் இறந்தபோது கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "மண்ணா, நெருப்பா?" என்பதுதான். மாலைக்குள் முடிவு சொல்ல வேண்டும். உடல் சில மணி நேரத்தில் விறைத்துவிடும். அதற்கு முன் கால்களை மடக்கிப் படுக்க வைத்து, பருத்தித் துணியில் சுற்றி, ஃபேனுக்கு அடியில் ஐஸ் வைத்துக் கிடத்துங்கள் என்றார்.

வீட்டில் இரண்டு கட்சி. என் மகளுக்குப் போய்ப் பார்க்க ஓர் இடம் வேண்டும், ஆகவே மண். என் மனைவிக்கு வேறு கவலை. "நாமே வாடகை வீட்டுல இருக்கோம். நாளைக்கு ஊர் மாறிப் போயிட்டா அவன் இங்க தனியாக் கிடப்பானே?" ஆகவே நெருப்பு. வாணியம்பாடியிலிருந்து தொலைபேசியில் மாமியார் தீர்ப்புச் சொன்னார்: "பச்சைக் குழந்தைய யாராவது எரிப்பாங்களா? வாயில்லா ஜீவனும் குழந்தைதான். மண்ணுல வைங்க."

நகரத்தின் தென்மேற்கு ஓரத்தில், கெங்கேரியில் இரண்டுக்கும் வழி இருக்கிறது. 1996இல் தொடங்கிய பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் அமைப்பின் பெங்களூர்க் கிளை, அடிபட்ட காட்டு விலங்குகளுக்குச் சிகிச்சை தரும் இடம் அது. செல்லப்பிராணிகளைப் புதைக்க இடமும் எரிக்க ஏற்பாடும் அங்கே உண்டு. வரிசையாகச் சின்னச் சின்னக் கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், இரண்டு தேதிகள். மனிதர்களின் கல்லறையில் போடும் பட்டமும் பதவியும் இங்கே இல்லை. பிற நகரங்களும் மெல்ல விழித்துக்கொண்டிருக்கின்றன. மும்பை மாநகராட்சி 2023இல் மலாடில், குழாய் எரிவாயுவில் இயங்கும் எரியூட்டும் கூடத்தைச் சிறு பிராணிகளுக்கென்றே திறந்தது. இப்படி எதுவும் இல்லாத ஊர்களில் இரவோடு இரவாகக் காலி மனையைத் தேடுகிறார்கள். இல்லையென்றால் குப்பை வண்டி.

சொந்த மண் உள்ளவர்களும் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். குழி குறைந்தது மூன்று, நான்கு அடி ஆழம் இருக்கட்டும். இல்லாவிட்டால் தெருநாய்கள் தோண்டிவிடும். கிணறு, ஆழ்துளைக் குழாய்க்குப் பக்கத்தில் வேண்டாம். பிளாஸ்டிக் பையில் கட்டிப் புதைத்தால் உடல் எளிதில் மட்காது. ஊசி போட்டு விடைகொடுத்த பிராணியின் உடம்பில் மருந்து தங்கியிருக்கும். அதைத் தோண்டித் தின்னும் விலங்கும் சாகக்கூடும். எனவே ஆழம் இன்னும் முக்கியம். வெறிநோய் என்ற சந்தேகம் இருந்தால், யோசனையே வேண்டாம், மருத்துவர் சொல்கிறபடிதான் செய்ய வேண்டும். எரிப்பதானால், தனியாக எரிப்பார்களா, பலவற்றைச் சேர்த்தா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சாம்பல் வேண்டுமென்றால் தனியாகத்தான் எரிக்க வேண்டும்.

குழந்தைகளிடம் 'ஊருக்குப் போயிருக்கான்' என்று சொல்லாதீர்கள். அவர்கள் காத்திருப்பார்கள். இன்னொரு நாய் வீட்டில் இருந்தால், உடலை ஒருமுறை மோந்து பார்க்க விடுங்கள், அதுவும் தேடும். அலுவலகத்தில் லீவு கேட்க வெட்கமாக இருக்கும். 'ஒரு நாய்க்காகவா?' என்பார்கள். பதின்மூன்று வருஷம் தினமும் காலை ஐந்தரைக்கு எழுப்பிவிட்ட ஒருவனுக்காக என்று சொல்லுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை உடனே எடுத்து வைத்துவிட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

நாங்கள் எரித்தோம். சாம்பல் ஒரு கிலோகூட இல்லை. மாமியாரிடம் சொல்லத் தயக்கமாகத்தான் இருந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கொண்டாங்க. நெருப்புல வச்சாலும் கடைசியில மண்ணுலதானே போடணும்" என்றார். அவர் வீட்டுக் கொல்லையில், கறிவேப்பிலைச் செடிக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் நடுவே அவன் இருக்கிறான். மகளுக்குப் போய்ப் பார்க்க இடம் கிடைத்தது. வாடகை வீட்டுக் கவலை மனைவிக்கு இல்லை.

காளியின் கல் இப்போது ஆதகூரில் இல்லை. பூசைக்கு விட்ட நிலமும் பயமுறுத்தி வைத்த பூசாரியும் என்றைக்கோ போயாயிற்று. கல்லில் நாயின் பெயர் மட்டும் இன்னும் படிக்கும்படியாக இருக்கிறது.