பணம் வைக்காத சீட்டு

இன்னிக்கு அன்னதானப் பட்டியல் இல்ல, ஒரு சீட்டு விளையாட்டைப் பத்தி.

ஞாயிறு சமையல்கட்டுல நாங்க பதினோரு பேர். வெங்காயம் உரிக்கிற மாமாவுக்கு எழுபது தாண்டிடுச்சு. பரிமாற வர்ற தம்பிங்க இப்பதான் என்எஸ் முடிச்சவங்க. ரெண்டு வருஷமா ஒரே அடுப்படியில நின்னும், "உப்பு எங்க, வாளி எங்க" என்பதைத் தாண்டி எங்களுக்குள்ள பேச்சு இருந்ததில்ல.

முகாம்ல கத்துக்கிட்ட ஃபுளோட்டிங் பிரிட்ஜை அந்தத் தம்பிங்கதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. சீட்டுன்னதும் அக்கா ஒருத்தர் எழுந்துட்டாங்க. அப்பாவோட சம்பளம் சீட்டுலயே போன வீட்டுல வளர்ந்தவங்க. அவங்களுக்காகவே ரெண்டு கட்டுப்பாடு வச்சோம்: பத்து காசு கூட வைக்கக்கூடாது, கோவில் வளாகத்துல சீட்டுக்கட்டையே எடுக்கக்கூடாது. சேவை முடிஞ்ச பிறகு, பக்கத்து புளோக் வாய்ட் டெக் மேசையிலதான் ஆட்டம்.

நாலு பேர், ஆளுக்கு 13 சீட்டு. முதல்ல ஏலம். "ஒண்ணு ஹார்ட்ஸ்"னு கேட்டா, ஹார்ட்ஸ் துருப்பு, 13 சுற்றுல 7 ஜெயிச்சுக் காட்டணும். "ரெண்டு"ன்னா 8. இப்படியே ஏறும். மத்தவங்க எல்லாரும் பாஸ் சொன்னதும், ஏலம் எடுத்தவர் தன் கையில இல்லாத ஒரு சீட்டைச் சொல்வார், "ஸ்பேட்ஸ் ஏஸ்" மாதிரி. அது யார்கிட்ட இருக்கோ அவர்தான் கூட்டாளி. ஆனா அவர் வாயைத் திறக்கக்கூடாது. அந்தச் சீட்டு மேசையில விழுற வரைக்கும், ஏலம் எடுத்தவருக்கே தன் கூட்டாளி யாருன்னு தெரியாது. ஒரு ஆட்டம் பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்.

அக்கா மூணு வாரம் தள்ளி நின்னு பார்த்தாங்க. நாலாவது வாரம் ஓர் ஆள் குறைஞ்சப்போ தானா வந்து உட்கார்ந்தாங்க. ரெண்டு டைமண்ட்ஸ் கேட்டு, ஸ்பேட்ஸ் ஏஸைக் கூப்பிட்டாங்க. தம்பிங்க முகத்தையே மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. பதினோராவது சுற்றுல வெங்காய மாமா மெதுவா அந்த ஏஸை வச்சார். "மாமா, இவ்வளவு நேரம் நீங்கதானா!" அக்கா அப்படிச் சிரிச்சு நாங்க பார்த்ததே இல்ல.

மாமாவுக்கு முட்டி வலின்னு எங்களுக்குத் தெரிஞ்சதும் அந்த மேசையிலதான். எந்திரிக்கும்போது மேசையைப் பிடிச்சுக்கிட்டார். நின்னுக்கிட்டே மூட்டை மூட்டையா வெங்காயம் உரிச்சவர், ஒருநாளும் சொன்னதில்ல. இப்ப சமையல்கட்டுல அவருக்கு ஒரு நாற்காலி இருக்கு. தம்பி ஒருத்தர் காலையிலேயே வந்து கூட உட்கார்ந்து உரிக்கிறார்.

சீட்டு நல்லதா கெட்டதான்னு வாதம் பண்ண வரல. பணத்தை எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது நாலு பேரும் அவங்க பேச்சும்தான். எங்களுக்கு அதுதான் தேவைப்பட்டுச்சு.

வர்ற ஞாயிறு காய் நறுக்க இன்னும் ரெண்டு மூணு கை வேணும். வாங்க. விளையாட்டு அப்புறம் சொல்லித்தர்றோம். முருகா சரணம்.