தலைச்சுமை

தமிழில் 'பாவம்' என்கிற சொல் படும் பாட்டைப் பார்த்தால் அதன் மேலேயே பரிதாபம் உண்டாகிறது. பஸ்ஸைத் தவறவிட்டவன் பாவம்; மழையில் நனைந்த நாய்க்குட்டியும் பாவம். செய்த கொடுமைக்கும் பட்ட கஷ்டத்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் சௌகரியமாகக் காலம் தள்ளுகிறோம்.

கிறிஸ்தவர்கள் அதை அப்படிச் சில்லறையாகச் செலவழிப்பதில்லை. அவர்கள் சொல்லும் பாவம், கூட்டிப் பார்க்கிற தப்புக்களின் தொகை மாத்திரமல்ல. மனிதனோடு கூடப் பிறந்த கோணல். புண்ணியத்தைப் போட்டுக் கழித்தாலும் கழியாது.

இதை எனக்குப் புரிய வைத்தவர் பொத்தேரியில் இருக்கும் ஒரு சிநேகிதர். ஓய்வு பெற்ற ஆசிரியர். கல்லூரிப் பிள்ளைகளின் கூட்டத்தில் முட்டி மோதி ஸ்டேஷனுக்கு வெளியே வந்தால், அவர் வீட்டுத் திண்ணையில் அமைதி கிடைக்கும். 'இரட்சணிய யாத்திரிகம்' எப்போதும் அவர் பக்கத்தில் இருக்கும். நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் 1827-ல் பிறந்து, 1858-ல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை பாடி, 1894-ல் வெளிவந்த காவியம். அதற்கு மூலம், அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு வருஷம் சிறையிருந்த ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட கதை. முதுகில் பாவச் சுமையோடு ஒருவன் நடக்கிறான். சிலுவையடியில் அது தானாகக் கழன்று உருண்டு போகிறது.

"தானாகவா? நல்ல சுலபந்தான்!" என்றேன். கதாசிரியனுக்கு இப்படிப்பட்ட முடிவுகளில் எப்போதுமே சந்தேகம் உண்டு.

சிநேகிதர் சிரிக்கவில்லை. முன்பு ஒரு சொத்து வழக்கில், கூடப் பிறந்த தம்பிக்கு விரோதமாகப் பொய்ச் சாட்சி சொன்னாராம். வழக்கு ஜெயித்தது. தம்பி மனம் ஒடிந்து போய்ச் சேர்ந்தான்.

"அந்தப் பங்கை அவர் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடலாமே?"

"கொடுத்துவிட்டேன், ஸார். நிலம் கைமாறிற்று. ஆனால் அந்தப் பொய்யைச் சொன்ன ஆள் இன்னும் நானாகத்தானே இருக்கிறேன்? மன்னிக்க வேண்டியவனும் இல்லை."

பிறகு அவரே சொன்னார்: "பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் நினைவாக நிறுத்துவார்கள். அதில் சுமையை யாரும் தனியாகவே இறக்கலாம். ஆனால் புறப்படும்போது மறுபடி தூக்கிக்கொள்ள வேண்டும். தர்மம், உபவாசம் எல்லாம் எனக்கு அந்தக் கல்லாகத்தான் இருந்தன. அடியோடு இறக்குவதற்கு இன்னொருவர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது."

குட்டியைத் தாய்ப் பூனைதான் கவ்விச் செல்லவேண்டும், குட்டியால் ஆவது ஒன்றுமில்லை என்று வைணவத்தில் ஒரு சாரார் சொல்வது எனக்கு ஞாபகம் வந்தது. கிருஷ்ணபிள்ளைக்கும் அந்தப் பூனை பழக்கமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் சிநேகிதர் பிடிவாதமாகத் தலையாட்டினார்: "பூனைக்குக் காயம் இல்லையே, ஸார். இங்கே தூக்குகிறவருடைய கையில் ஆணி இருக்கிறது."

எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். 'சுலபம்' என்று சொன்னதை மட்டும் அதற்கப்புறம் சொல்லவில்லை. இவ்வளவு பேசியவர், தம்பியின் பெயரை இதுவரை என்னிடம் சொன்னதில்லை.